வாடின பூவுக்கு ஒரு திருடன்

ரோஜாச் செடியின் காலடியில் பூட்டுக்காரர் டீ ஊற்றிக்கொண்டிருந்தார். பாலும் சர்க்கரையும் போட்ட டீ. பாதியைத் தான் குடித்துவிட்டு, மீதியைப் பங்காளிக்குக் கொடுப்பதுபோல் யோசித்து யோசித்து ஊற்றினார்.

கட்டிலில் படுத்தபடி ஜன்னல் வழியாக இதைப் பார்த்த அவர் மனைவிக்கு வயிறு எரிந்தது. தலையணைக்கு அடியிலிருந்து விசிலை எடுத்து ஒரு ஊது ஊதினாள். ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு விசில் என்றால் போகலாம். பஸ்ஸை விட்டு இறங்கி எத்தனையோ வருஷமாகியும் தெருவில் அவளுக்குக் கண்டக்டரம்மா என்றுதான் பேர்.

"என்ன பண்றீங்க அங்க?"

"செடிக்கு டீ குடுக்கிறேன்."

"எந்தக் கிறுக்கன் சொன்னான்?"

"உன்கிட்ட செடி வித்தவன்தான் சொன்னான். ஹைபிரிட் டீ ரோஸ்னானா இல்லையா? பேர்லயே டீ இருக்கு. நீ இத்தன வருஷமா வெறும் தண்ணிய ஊத்தி அதை ஏமாத்தியிருக்க."

"எறும்பு வரும்."

"வரட்டும். அதுக்கும் வயிறு இருக்குல்ல."

கண்டக்டரம்மா பல்லைக் கடித்தாள். டீகூடப் போகட்டும். செடியின் உச்சியில் பூ ஒன்று வாடித் தலை தொங்கி, பழுப்பேறி, கிழிந்த துணி மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. அதைத்தான் அவளால் பார்த்துக்கொண்டு படுத்திருக்க முடியவில்லை.

"அந்த வாடின பூவ வெட்டுங்கன்னு எத்தன தடவ சொல்றது? மேலேர்ந்து பாத்துக்கிட்டே வந்தா அஞ்சு இலை ஒண்ணா இருக்கிற கணு வரும். அதுக்கு மேல சாய்வா ஒரு வெட்டு, அவ்வளவுதான். வெட்டலேன்னா செடி காயப் பிடிச்சுக்கிட்டு, வேலை முடிஞ்சுதுன்னு உக்காந்துடும்."

"பூத்து ஓஞ்சது, இருந்துட்டுப் போகட்டுமே. வயசானதையெல்லாம் வெட்டிப் போடணும்னா நாம ரெண்டு பேரும் எங்க போறது?"

"அப்ப நகருங்க. நான் வந்து வெட்டறேன்."

பூட்டுக்காரர் காலித் தம்ளரை உதறினார். "நீயா? உன்னால எங்க முடியும்? பேசாம படு."

குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, உள்ளே தகடு வைத்துத் தைத்துக் கட்டிலுக்கு வந்து சேர்ந்தவள் அவள். எலும்பு கூடிவிட்டது, இனி நடப்பதுதான் பாக்கி என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். நடை சொல்லிக்கொடுக்க ஒரு பிசியோ பொண்ணு தினமும் வந்தது. நாலு கால் வாக்கர் ஒன்றைக் கொண்டுவந்து கட்டிலோரம் நிறுத்தியது. அதில் பூட்டுக்காரர் தன் சட்டைகளை மாட்டி வைத்தார்.

"ஒரே ஒரு அடி வைங்கம்மா" என்று அந்தப் பொண்ணு கெஞ்சும்.

"முடியலைம்மா" என்பாள் கண்டக்டரம்மா.

வலி ஒன்றும் பெரிதில்லை. ஓடுகிற பஸ்ஸில், வளைவுக்கு வளைவு குதிக்கிற தரையில், கம்பியைப் பிடித்தும் பிடிக்காமலும் நின்று ஆயுசு முழுக்க டிக்கெட் கிழித்தவள். அப்பேர்ப்பட்டவளை, அசையாமல் கிடந்த வீட்டுத் தரை ஒரு நாள் கீழே தள்ளிவிட்டது. ஆடுகிற தரையை நம்பலாம், அது ஆடும் என்று தெரியும். அசையாத தரையை என்னவென்று நம்புவது? இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கண்டக்டரம்மா பயந்துபோய்ப் படுத்துவிட்டாள் என்று பேர் வாங்குவதைவிட, இடுப்பு போய்விட்டது என்ற பேர் கௌரவமாக இருந்தது.

அந்தச் செடி வேறு சாமானியச் செடி இல்லை. வேலையின் கடைசி நாளில் கணக்கை ஒப்படைத்துவிட்டு, முதல்முறையாக அவள் பயணியாக உட்கார்ந்து வந்த பஸ்ஸில், மடியில் வைத்துக் கொண்டுவந்த செடி. கொத்துக் கொத்தாகப் பூத்துக் கொட்டுகிற ஜாதி இல்லை. நீளமான காம்பு, காம்புக்கு ஒரே மொக்கு. அது கூராக எழும்பி, ஓர இதழ் மட்டும் வெளியே மடங்கி, நடுவில் இருப்பதை அவ்வளவு சுலபத்தில் காட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும். அழுத்தமான பிள்ளை. அவளுக்குப் பிடித்ததே அந்த அழுத்தம்தான்.

மறுநாள் காலையில் அவளைக் கட்டிலிலிருந்து கிளப்பியது வாடின பூ இல்லை, வேறொன்று.

பூட்டுக்காரர் செடியின் அடியில் உட்கார்ந்து, மண்ணிலிருந்து கிளம்பிய ஒரு கிளைக்குக் குச்சி நட்டுக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். "பாரு, பாரு, உன் செடியில இப்பிடி ஒரு கிளைய நீ பாத்திருக்கியா? என்ன வேகம்" என்றார் பெருமையாக.

கண்டக்டரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். ஐந்தைந்தாக இருக்க வேண்டிய இலை ஏழேழாக இருந்தது. காட்டுக்கிளை. நல்ல ரோஜாவைக் காட்டு ரோஜாவின் வேரில் ஒட்டவைத்துத்தான் விற்கிறார்கள். வேர் சும்மா இருக்குமா? ஒட்டுக்குக் கீழே தன் கிளையை நீட்டிப் பார்க்கும். கண்டுகொள்ளாமல் விட்டால் வாடகைக்கு வந்தவன் வீட்டுக்காரனை வெளியே தள்ளின கதைதான்.

"அது களவாணிக் கிளை. பிடுங்கிப் போடுங்க."

"நல்லா வளர்றதப் பாத்தா உனக்கு ஆகாதே."

"பிடுங்கலேன்னா என் ரோஜா செத்துடும்."

"என் பொறுப்புல விட்டாச்சுல்ல, நான் பாத்துக்கறேன். உன்னால எந்திரிச்சு வந்து பிடுங்க முடியுமா? முடியாதுல்ல? படு." சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு அவர் கடைக்குப் போய்விட்டார்.

குடித்துவிட்டு ஏறுகிறவன்கூட அவளிடம் 'உன்னால முடியாது' என்று சொன்னதில்லை. சொன்னவனை அடுத்த ஸ்டாப்பில் இறக்கிவிட்டிருக்கிறாள்.

வாக்கரில் கிடந்த சட்டைகளைச் சுருட்டிக் கட்டிலில் வீசினாள். எழுந்தாள். தரையைப் பார்த்து, "இந்தா பாரு, ஒரு தடவ செஞ்சிட்ட, மறுபடி செஞ்ச, அப்புறம் இருக்கு உனக்கு" என்றாள். தரை பேசவில்லை. வாக்கரை ஒரு முழம் தள்ளினாள், காலை இழுத்தாள். தள்ளினாள், இழுத்தாள். பின்கதவுக்குப் பக்கத்திலேயே ஜன்னலுக்கு நேர் எதிரே செடித் தொட்டி. அந்தத் தூரத்துக்கே நெற்றியில் வேர்த்து வழிந்தது.

சமையலறைக் கத்திரியை வழியில் எடுத்து வந்திருந்தாள். ஐந்திலைக் கணுவுக்கு மேல், வெளிப்பக்கம் பார்த்த முளைக்கண்ணாகத் தேடி, சாய்வாக ஒரு வெட்டு. வாடின பூ கையில் வந்தது. காட்டுக்கிளைக்குக் குனிய வேண்டும். அதை நினைத்தாலே தலை சுற்றியது. இன்றைக்கு இது போதும் என்று திரும்பினாள். பூவைக் குப்பையில் போட்டு, சட்டைகளை வாக்கரில் மாட்டி, போர்வையை மார்வரை இழுத்துவிட்டுக்கொண்டபோது பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட பிள்ளை மாதிரி நெஞ்சு அடித்துக்கொண்டது.

பிசியோ பொண்ணு வந்தது. "இன்னைக்காவது ஒரு அடி?"

"கால் தரையில படவே மாட்டேங்குதும்மா" என்று சொல்லிப் பெருமூச்சும் விட்டாள்.

அங்கேதான் தப்புப் பண்ணினாள். மத்தியானம் சாப்பிட வந்த பூட்டுக்காரர் தோட்டத்துப் பக்கம் போய், போன வேகத்தில் திரும்பினார்.

"திருட்டு நடந்திருக்கு."

"என்னது?"

"பூவக் காணோம். வெட்டியிருக்கான்."

"வாடின பூவையா?"

"திருடன் வந்த இடத்துல வாடினது வாடாததுன்னு பொறுக்கிக்கிட்டா இருப்பான்?"

பூட்டுக்காரர் யாரையும் நம்ப மாட்டார். பால்காரன் தண்ணி கலக்கிறான், கடைக்காரன் எடை குறைக்கிறான், ரேடியோக்காரன் மழை என்று புளுகுகிறான். வாழ்நாள் முழுக்கப் பூட்டு ரிப்பேர் பார்த்தவருக்கு உலகத்தில் இரண்டே ஜாதி, பூட்டுகிறவன், திறக்கிறவன். அவர் குனிந்து ரகசியக் குரலில் சொன்னார்.

"வெட்டின விதத்தப் பாத்தேன். சாய்வா, சுத்தமா, ஒரே வெட்டு. கத்திரி பிடிச்சுப் பழகின கை. பக்கத்து வீட்டுத் தையல்காரன்."

"ஐயய்யோ, அவர் எதுக்குங்க இதைப் போய்?"

"எதுக்குன்னு அவன்கிட்டதான் கேக்கணும்."

நான்தான் வெட்டினேன் என்று சொல்ல வாயெடுத்தாள். அதைச் சொன்னால் நடந்தேன் என்று சொல்ல வேண்டும். நடந்தேன் என்றால் அந்தப் பொண்ணிடம் இத்தனை நாள் புளுகியதாக ஆகும். வாயை மூடிக்கொண்டாள். தையல்காரருக்குக் காது கேட்காத தூரத்தில்தானே திட்டுகிறார், திட்டிவிட்டுப் போகட்டும்.

பூட்டுக்காரர் திட்டியதோடு விடவில்லை. தொட்டியைச் சாக்கில் ஏற்றி, தையல்காரரின் மதிலுக்கு எட்டாத தோட்டக் கடைசிக்கு இழுத்துக்கொண்டு போனார். சின்னத் தோட்டம்தான். ஆனால் கட்டிலிலிருந்து பார்த்தபோது, ஊரெல்லை தாண்டி எங்கோ போய்விட்டதுபோல் இருந்தது.

அங்கிருந்தும் காட்டுக்கிளை அவளைப் பார்த்து ஆடியது.

இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் வாக்கரோடு கிளம்பினாள். நல்ல வேளை, பாதி வழியில் முதுகு உடைந்த நாற்காலி ஒன்று கிடந்தது. அதில் உட்கார்ந்து மூச்சு வாங்கி, செடியை எட்டி, இலையடியில் ஒட்டியிருந்த பூச்சியை நசுக்கி, பழுத்த இலைகளைக் கிள்ளிப் போட்டாள். கிள்ளின வாசனை விரலில் இருந்தது. கடைசி நாள் செடியை மடியில் வைத்துக்கொண்டு வந்த பஸ் ஞாபகம் வந்தது. அன்றும் குனியத் துணிவு வரவில்லை.

சாயந்தரம் பூட்டுக்காரர் அவள் கட்டிலருகே வந்து நின்றார். முகத்தில் துப்புக் கிடைத்த களை.

"மண்ணு ஈரமா இருந்துதா, மாட்டிக்கிட்டான். அங்கங்க நாலு நாலு குழி. சதுரமா."

கண்டக்டரம்மா கட்டிலோரத்தைப் பார்த்தாள். வாக்கரின் காலடியில் காய்ந்துகொண்டிருந்த சேற்றை அவர் பார்த்துவிடாமல் இருக்கப் போர்வையைச் சரியவிட்டாள்.

"ஸ்டூல்" என்றார் அவர்.

"ஸ்டூலா?"

"அந்தத் தையல்காரன் என்ன உசரம்? கடைப் பலகையத் துடைக்கவே ஸ்டூல் போட்டு ஏறுற ஆளு. மதில் தாண்டறதுக்கு ஒண்ணு கொண்டுவந்திருக்கான். வந்தவன் அந்த நாற்காலியில உக்காந்து இளைப்பாறி வேற போயிருக்கான், இழுத்த தடம் இருக்கு." அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்க் கொல்லையில் கவிழ்த்தார். "மறுபடி அந்த நாலு குழியப் பாத்தேன், ஸ்டூலோட போலீஸ் ஸ்டேஷனுக்கு இழுத்துக்கிட்டுப் போயிடுவேன்."

ஆக, இனி வாக்கரைக் கொண்டுபோக முடியாது.

அத்தோடு முடிந்ததா? மறுநாள் இரும்புக் குழாய்களை வாங்கிவந்து பின்கதவிலிருந்து செடிவரை வழியோரம் ஒரு வேலி அடித்தார். ஒரே ஒரு குழாய், இடுப்புயரத்தில், நீளமாக. அதற்கு மேலேயும் ஒன்றுமில்லை, கீழேயும் ஒன்றுமில்லை. கண்டக்டரம்மா கட்டிலிலிருந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"இது பூனையக்கூட நிறுத்தாதே. திருடன் குனிஞ்சு வந்துட்டுப் போறான்."

"அவன் குனியட்டும்னுதான். குனியறப்ப பிடிக்கலாம்."

வேலிக் கடைசியில் கிளை வெட்டுகிற புதுக் கத்திரி ஒன்றையும் கம்பியில் கட்டித் தொங்கவிட்டார்.

"அது எதுக்கு?"

"பாத்தா பயப்படுவான்."

புத்தி மழுங்கிவிட்டது மனுஷனுக்கு என்று அவள் உண்மையிலேயே கவலைப்பட்டாள். ஊருக்கெல்லாம் பூட்டு செய்து கொடுத்தவர், திருடனுக்குக் கத்திரி வாங்கிக் கொடுக்கிறார்.

ஆனால் அந்தக் குழாய், பஸ் கம்பி மாதிரியே இருந்தது. அதே பருமன், அதே குளிர்ச்சி. மறுநாள் அதைப் பிடித்ததும் அவள் கைக்கு ஏதோ ஞாபகம் வந்துவிட்டது. கை ஞாபகப்படுத்த, கால் கேட்டது. நடுவில் நிற்காமல் செடிவரை போய்விட்டாள். அங்கே குழாயை ஒரு கையால் இறுக்கிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக முட்டி போட்டாள். மண்ணைக் கிளறி, காட்டுக்கிளை வேரிலிருந்து புறப்படுகிற இடம்வரை போய், பிடித்துக் கீழ்நோக்கி ஒரு இழுப்பு. வெட்டினால் நாலாய்த் துளிர்க்கும். பிடுங்கினால்தான் போகும். குச்சி, கயிறு, கிளை எல்லாம் ஒன்றாக வந்தன.

எழுந்திருக்கத்தான் நேரம் பிடித்தது. எழுந்ததும் யாரும் இல்லாத தோட்டத்தில் உரக்கச் சிரித்தாள்.

பிசியோ பொண்ணு அன்று தொடையை அமுக்கிப் பார்த்து, "என்னம்மா, தசை கெட்டியா இருக்கு?" என்றது.

"படுத்துப் படுத்து மரத்துப்போச்சு."

"முட்டியில மண்ணு இருக்கே?"

"தூசி. இந்த வீட்டை யாரு பெருக்கறா, அவரா?"

அந்தப் பொண்ணு வேறொன்றும் கேட்கவில்லை. போகும்போது பூட்டுக்காரர் கேட்வரை கூடவே போய், வழக்கம்போல் குசுகுசுவென்று எதையோ விசாரித்தார். அந்தப் பொண்ணையும் சந்தேகப்பட்டுப் பையைச் சோதிக்கிறாராக்கும் என்று கண்டக்டரம்மாவுக்கு அவமானமாக இருந்தது.

காட்டுக்கிளை போனதைக் கண்ட பூட்டுக்காரர் அன்று மதிலோரம் போய் நின்று கத்தினார்.

"ஏன்யா, பூவ எடுத்த சரி, நான் வளர்த்த கிளைய எதுக்குய்யா பிடுங்கின?"

மதிலுக்கு அப்பாலிருந்து தையல்காரர் குரல். "அண்ணே, எனக்கு எதுக்கு உங்க கிளை? நான் என்ன ஆடா?"

"ஆடா இருந்தா மன்னிச்சிருப்பேன்."

"வயசுக்குத் தக்கனப் பேசுங்க."

"ஸ்டூலுக்குத் தக்கனப் பேசறேன்."

கண்டக்டரம்மா காதைப் பொத்திக்கொண்டாள். தையல்காரர் நல்ல மனுஷன். அவளுடைய காக்கி உடுப்பையெல்லாம் தைத்துக் கொடுத்தவர். டிக்கெட் பைக்குத் தோள் வலிக்கும் என்று கேட்காமலேயே உள்ளே பஞ்சு வைத்துத் தைத்தவர். ஆஸ்பத்திரிக்கு வந்தபோது, உட்காரும்போது தையல் உறுத்தாத உடுப்பு ஒன்று கொண்டுவந்தார். அந்த மனுஷனுக்குத் திருட்டுப் பட்டம். எல்லாம் அவள் கைவேலை.

"வேண்டாங்க, விட்டுடுங்க" என்றாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது.

"விட முடியாது. கதவப் பூட்டறேன்."

பின்கதவுக்குப் பூட்டு வந்தது. பின்வாசலில் திருடன் இடறட்டும் என்று ஒரு சாண் உயரத்துக்குப் பலகை ஒன்றையும் பதித்தார். ஆடாமல் அசையாமல், பக்கத்துக்கு இரண்டு ஆணி அடித்து, சொரசொரப்பான சாக்குத் துண்டு ஒட்டி. இடறி விழுவதற்கு வைத்த பலகைக்கு இத்தனை உபசாரமா என்று அவளுக்குத் தோன்றியது. பூட்டைப் பார்த்தபோது சிரிப்பே வந்துவிட்டது. அது கடையில் சின்னப் பிள்ளைகள் விளையாடுவதற்குப் போட்டு வைத்திருந்த பூட்டு. அவள் கொண்டை ஊசிக்கே வாயைப் பிளந்தது.

பலகையில் ஏறி இறங்கினாள். ஒரு வாரத்தில் குழாயைத் தொடாமலே போய்வந்தாள். செடியும் வஞ்சகமில்லாமல் நடந்துகொண்டது. அவள் வெட்டின கணுவுக்குக் கீழிருந்து செம்பு நிறத்தில் துளிர் கிளம்பி, நீண்டு, உச்சியில் ஒரு மொக்கு வைத்தது. பக்கத்தில் வந்த குட்டி மொக்குகளைக் கிள்ளிவிட்டு, சத்தெல்லாம் அந்த ஒன்றுக்கே போகும்படி செய்தாள். மொக்கு உருண்டது. நுனியில் நிறம் காட்டியது. ஓர இதழ் ஒன்று சோம்பல் முறித்து மடங்கியது. நாளைக்கு, இல்லாவிட்டால் மறுநாள், திறந்துவிடும்.

அது திறக்கிற அன்று எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். அந்தப் பூவைக் கொண்டுபோய்த் தையல்காரர் கையில் கொடுத்து மன்னிப்புக் கேட்பது. அதற்குத் தெருவில் இறங்கி நடக்க வேண்டும். வாசலில் கைப்பிடியில்லாத படிகள். ரோட்டில் சைக்கிள், நாய், மனுஷர்கள், எல்லார் கண்ணும். பார்க்கலாம், நாளைக்குத்தானே.

காலையில் கண் விழித்து ஜன்னலைப் பார்த்தாள். மொக்கு இல்லை.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள், அடிக்காம்பு மட்டும் நின்றது. ஐந்திலைக் கணுவுக்கு மேல், சாய்வாக, சுத்தமாக ஒரு வெட்டு.

அவள் வெட்டவில்லை. தூக்கத்தில் நடக்கிற வியாதி வந்துவிட்டதோ என்று உள்ளங்காலைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். மண் இல்லை. அப்படியானால் நிஜமாகவே ஒரு திருடன் இருக்கிறானா?

பூட்டுக்காரர் உள்ளே வந்தார். ஆர்ப்பாட்டம் இல்லை. ஆர்ப்பாட்டம் இல்லாததுதான் பயமாக இருந்தது.

"மொக்கும் போச்சு. போதும் பொறுத்தது. அவன நேராவே கேட்டுட்டு, அங்கிருந்தே ஸ்டேஷனுக்குப் போறேன்."

"ஏங்க, நில்லுங்க. நான் சொல்றதக் கேளுங்க."

"நீ படு. உன்னால ஒண்ணும் பண்ண முடியாது."

முன்கதவு சாத்திக்கொண்டது. கண்டக்டரம்மா விசிலை எடுத்து ஊதினாள். அவர் நிற்கவில்லை. தெருவில் குரல் உயர்ந்தது. "வெளிய வாய்யா" என்கிறார் இவர். "கையைப் பிடிக்காதீங்க அண்ணே" என்கிறார் அவர். "ஸ்டேஷன்ல வந்து சொல்லு" என்கிறார் இவர். எதிர்வீட்டு ஜன்னல் திறக்கிற சத்தம்.

அவள் எழுந்தாள். வாக்கர் கட்டிலோரம் நின்றது. அதில் சட்டை எதுவும் மாட்டியிருக்கவில்லை. ரொம்ப நாளாகவே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அதைப் பற்றி யோசிக்க நேரமில்லை. கதவைத் திறந்தாள். படிகள் கீழே கிடந்தன. பிடிக்க ஒரு கம்பி இல்லை.

ஓடுகிற பஸ்ஸிலேயே நின்றவள்தானே, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இறங்கினாள். ஒன்று. இன்னொன்று. அடுத்தது. தரை ஆடவில்லை. ஒரு சைக்கிள்காரன் பெல் அடித்தான், "ஒதுங்கிப் போப்பா" என்றாள். தையல் கடை வாசலில் இரண்டு கிழவர்களும் கையைக் கோத்துக்கொண்டு நின்றார்கள், யார் யாரைப் பிடித்திருக்கிறார்கள் என்று தெரியாதபடி.

ஒரு விசில் அடித்தாள். இரண்டு பேரும் இழுபறியை நிறுத்தினார்கள்.

"கைய விடுங்க. திருடன் நான்தான்" என்றாள். மூச்சு வாங்கியது. "வாடின பூவ வெட்டினது நான். கிளையப் பிடுங்கினது நான். அந்த நாலு குழி என் வாக்கர். நான் நல்லாத்தான் நடக்கறேன். ஆறு வாரமா எல்லார்கிட்டயும் பொய் சொல்லியிருக்கேன். பயம். விழுந்துடுவேன்னு பயம். போதுமா?"

எதிர்வீட்டு ஜன்னல் மெதுவாகச் சாத்திக்கொண்டது.

"மொக்கு?" என்றார் பூட்டுக்காரர்.

அவள் தையல்காரரின் கசங்கின சட்டையைப் பார்த்தாள். "அதுவும் நான்தான்" என்று சொன்னாள். இந்த ஒரு பொய்யோடு எல்லாம் முடியட்டும்.

சொல்லி முடித்தபோதுதான் கண் கடைக்குள்ளே போனது. தையல் மெஷின்மேல், நூல்கண்டுகளுக்கு நடுவே, ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர். தண்ணீரில் நீளக் காம்பு. காம்பின் உச்சியில் அவளுடைய ரோஜா, ஓர இதழ்களை மடித்து, நடுவை மட்டும் இன்னும் காட்டாமல், அழுத்தமாகத் திறந்துகொண்டிருந்தது.

அவள் தையல்காரரைப் பார்த்தாள். தையல்காரர் ஊசியைத் தேடுகிறவர்போலத் தரையைப் பார்த்தார். அவள் தன் புருஷனைப் பார்த்தாள். பூட்டுக்காரர் பூவையும் பார்க்கவில்லை, அவள் முகத்தையும் பார்க்கவில்லை. தெருவில் ஊன்றி நின்ற அவளுடைய இரண்டு பாதங்களையுமே பார்த்துக்கொண்டிருந்தார். உலகத்தில் எதையும் நம்பாத அந்தக் கண்ணில் தண்ணீர் கட்டி நின்றது.

தையல்காரர் தம்ளரை எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தார். கசங்கின சட்டைக் காலரை நீவிவிட்டுக்கொண்டு, பூட்டுக்காரர் பக்கம் சாய்ந்து, அவர் ரகசியம் என்று நினைத்த குரலில் கேட்டார்.

"அண்ணி நடந்தே வந்துட்டாங்கல்ல அண்ணே, அடுத்த வாரம் மாடிப்படின்னு அந்த பிசியோ பொண்ணு சொல்லிச்சே, அதுக்கும் நான்தான் திருடனா, இல்ல வேற ஆளப் பாத்துக்கறீங்களா?"